மருந்துப் பையும் மழலைச் சொல்லும்

சிவகாசி வட்டாரத்தில் ‘மருந்து’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று நாம் அனைவரும் அறிந்தது. மற்றொன்று பட்டாசுக்குள் செலுத்தப்படும் வெடிக்கலவை. ‘மருந்து அறையில் வேலை’ என்று ஒருவர் சொன்னால், அவர் மருத்துவமனையில் பணியாற்றுகிறார் என்று வெளியூர்க்காரர் எண்ணிக்கொள்வார். உள்ளூர்க்காரரோ அவருடைய மனைவி மக்களை நினைத்துப் பெருமூச்சு விடுவார். எதை எதனோடு எந்த அளவில் சேர்க்க வேண்டும், எதை எதனோடு சேர்க்கவே கூடாது என்பதைத் தொழிலாகக் கற்ற மக்கள் இவர்கள். அளவு தவறினால் என்ன நேரும் என்று நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அத்தகைய ஊர் ஒன்றில், சரவெடி பின்னும் தாய் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் ஒரு துணிப்பையைக் கவிழ்த்து நமக்குக் காட்டினார். வைட்டமின் மாத்திரைகள், மீன் எண்ணெய்க் குப்பி, ஆங்கிலத்தில் மட்டுமே விவரம் அச்சிட்ட மாவு டப்பா, ஓமியோபதி உருண்டைகள், தாளில் மடித்த செந்தூரம், ஒரு துண்டு வசம்பு, உடம்பிலுள்ள உலோகத்தை இறக்கும் என்று சொல்லி அஞ்சலில் வந்த சொட்டு மருந்து. எண்ணிப் பார்த்தால் பதினொன்று. அவருடைய ஒரே மகனுக்கு வயது ஐந்தரை. மூலையில் அமர்ந்து ஒரு தகர மூடியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. அடுத்த அறையில் பிஸ்கட் பொட்டலம் பிரியும் ஓசை மட்டும் தவறாமல் காதில் விழும். பேச்சு இன்னும் வரவில்லை. ஆட்டிசம் என்று மதுரையில் சொல்லியிருக்கிறார்கள்.

“ஐயா, இதுல எது வேலை செய்யுது, எது செய்யலைன்னு மட்டும் சொல்லுங்க. எல்லாத்தையும் வாங்க முடியல” என்றார் அத்தாய்.

நாம் மருத்துவர் அல்லர். ஆயினும் அக்கேள்வியைக் கேட்டுவிட்டு வாளா இருக்க மனம் ஒப்பவில்லை. அதற்கு விடை தேடியபோது அறிந்தவற்றை, இதே கேள்வியோடு தவிக்கும் பிற இல்லங்களுக்காகவும் இங்கே எழுதுகிறோம்.

தமிழில் மதியிறுக்கம் என்றும் வழங்கப்படும் இந்த ஆட்டிசத்தை, லியோ கானர் என்னும் மருத்துவர் 1943-ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைக் கண்டாய்ந்து முதன்முதலாக விரிவாக எழுதினார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கொடிய கருத்து மேலைநாடுகளில் கோலோச்சியது. அதை உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லாந்து என்ற அமெரிக்க உளவியலார். அவரும் இத்தகைய மகன் ஒருவனின் தந்தையே. 1964-இல் அவர் எழுதிய நூல், இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது, தாய்மீது பழியில்லை என்று நிறுவியது. எத்தனை தாய்மார்களின் கண்ணீரை அந்நூல் துடைத்திருக்கும்! அதே ரிம்லாந்துதான் பின்னாளில், வைட்டமின் பி-6, மக்னீசியம் ஆகியவற்றை மிகுந்த அளவில் கொடுத்தால் நலம் பிறக்கும் என்று பரப்பினார் என்பதையும் சொல்லவேண்டும். நல்லவரும் அறிவாளியும் மகன்மேல் உயிரை வைத்தவருமான ஒருவர் சொன்னார் என்பதால் மட்டும் ஒரு மருந்து வேலை செய்துவிடாது. பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் அதற்குத் தக்க சான்று காணவில்லை. பி-6 அளவுக்கு மிஞ்சி நெடுநாள் உட்கொண்டால் கைகால் நரம்புகள் மரத்துப் போகும் என்பதோ உறுதியாகத் தெரிந்துள்ளது.

இது எங்கோ சிலருக்கு வரும் குறையும் அன்று. இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பதாகக் கணித்தது. அப்படியானால் நம் தெருவிலும் ஒரு பிள்ளை இருக்கும்.

முதலில் உணவுக்கு வருவோம். அத்தாய்க்குப் பதினொரு மருந்துகளைவிட அதிகத் துன்பம் தந்தது உணவுதான். கோதுமையும் பாலும் அறவே கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இதன் பின்னே ஒரு கருத்து உண்டு. கோதுமையிலுள்ள குளூட்டன், பாலிலுள்ள கேசின் ஆகிய புரதங்கள் சரியாகச் செரிக்காமல், அபின் போன்ற துணுக்குகளாக இரத்தத்தில் கலந்து மூளையை மயக்குகின்றன என்பதே அது. அபின் போன்ற பொருள்களுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் 1979 முதலே அறிவியலார் நடுவில் உலவியது. கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆனால் அத்துணுக்குகள் இக்குழந்தைகளின் சிறுநீரில் மிகுதியாக உள்ளனவா என்று தேடியபோது, மற்றக் குழந்தைகளிலிருந்து வேறுபாடு காணப்படவில்லை.

சரி, காரணம் எதுவாயினும் பலன் உண்டா? அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2016-இல் வெளியாயிற்று. 14 குழந்தைகள் முதலில் பல வாரங்கள் கோதுமையும் பாலும் இன்றி வைக்கப்பட்டனர். பின்னர் வாரந்தோறும் ஒரு தின்பண்டம் தரப்பட்டது. சில வாரம் அதில் குளூட்டன் ஒளிந்திருக்கும், சில வாரம் கேசின், சில வாரம் இரண்டும், சில வாரம் ஒன்றுமே இராது. எந்த வாரம் எது என்று பெற்றோருக்கும் தெரியாது, குழந்தையைக் கவனித்துக் குறிப்பெடுத்தவருக்கும் தெரியாது. முடிவில் ஏடுகளைத் திறந்து பார்த்தபோது, குழந்தைகளின் நடத்தையிலோ உறக்கத்திலோ மலப்போக்கிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பதினான்கு பேர் என்பது சிறு எண்தான்; ஆகவே ஒருவருக்கும் ஒருபோதும் பயன்படாது என்று ஆணையிட்டுச் சொல்ல இயலாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுவே வழி என்று விற்பவர் சொல்வதை நம்புவதற்கும் இடமில்லை.

நம் ஊர்ச் சமையலறையில் இவ்வுணவுமுறை படும் பாட்டையும் பார்க்கவேண்டும். மேலைநாட்டார் ரொட்டியை விட்டால் பட்டினி. நமக்கோ இட்லி, தோசை, கம்பங்கூழ், கேழ்வரகுக் களி எதிலும் குளூட்டன் கிடையாது. அத்தாயின் வீட்டில் முதலில் விருதுநகர்ப் பரோட்டா நின்றது. பிறகு ரவையும் சேமியாவும் நின்றன. கடலைமாவுச் சரக்காகையால் சாத்தூர்ச் சேவு தப்பிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா அகப்பட்டுக்கொண்டது. இத்தனை கட்டுப்பாடும் செய்தவர், நாள்தோறும் சாம்பாரில் பெருங்காயத் தூள் போட்டு வந்தார். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலப்பது வழக்கம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை! ஆக, அவர் மாதக்கணக்கில் நடத்திய சோதனை உண்மையில் நடக்கவே இல்லை.

பரோட்டா போனதில் நமக்கு வருத்தமில்லை. தயிர் போனதில்தான் வருத்தம். ஆட்டிசமுள்ள பிள்ளைகளுள் பலர் நான்கைந்து உணவுகளை மட்டுமே ஏற்பர். அவன் ஏற்றுக்கொண்டவை தயிர்ச்சோறு, பிஸ்கட், அப்பளம், வாழைப்பழம். அவற்றுள் இரண்டைப் பறித்தபின் எஞ்சியது என்ன? ஆட்டிசமுள்ள சிறுவர்களின் எலும்பை அளந்து அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஆய்வில், அவர்களுடைய எலும்பு வழக்கமான அளவைவிட மெலிந்திருந்தது. பாலை நீக்கிய சிறுவர்களிடம் அந்தக் குறை இன்னும் மிகுந்து காணப்பட்டது. கோதுமை உண்மையிலேயே ஒவ்வாத சீலியக் நோய் என ஒன்று உண்டு. அதை இரத்தப் பரிசோதனையால் அறியலாம். ஆனால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே அப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். நிறுத்திய பிறகு சோதித்தால் நோய் ஒளிந்துகொள்ளும்.

‘கொடுத்த பிறகு பிள்ளை தேறினான், நானே கண்ணால் கண்டேன்’ என்று பெற்றோர் சொல்வதுண்டே, அது பொய்யா? பொய்யன்று. ஆனால் கண்ணால் காண்பதும் ஏமாற்றும் என்பதற்கு இத்துறையிலேயே ஒரு பெரிய கதை இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

அமெரிக்காவில், ஆட்டிசமுள்ள மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுக் கோளாற்றின் காரணத்தை அறியும் பொருட்டு ‘செக்ரெட்டின்’ என்னும் சுரப்புநீர் ஊசி வழியே செலுத்தப்பட்டது. கணையம் சரியாக இயங்குகிறதா என்று பார்ப்பதற்காகப் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்பட்ட பொருள் அது. சில வாரங்களில் குழந்தைகள் கண்ணோடு கண் பார்த்தனர், சொற்கள் பேசினர் என்று 1998-இல் மருத்துவ ஏட்டில் செய்தி வந்தது. தொலைக்காட்சியும் அதை எடுத்துரைத்தது. உடனே நாடெங்கும் பெற்றோர் அம்மருந்துக்கு அலைந்தனர், விலை ஏறிற்று, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஊசி போடப்பட்டது.

அடுத்த ஆண்டே முறையான சோதனை ஒன்று வெளிவந்தது. 56 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் செக்ரெட்டினும் மறுபிரிவுக்கு வெறும் உப்புநீரும் செலுத்தினர். யாருக்கு எது என்பது பெற்றோருக்குத் தெரியாது. நான்கு வாரங்களில் செக்ரெட்டின் பெற்ற குழந்தைகள் தேறினர். உப்புநீர் பெற்ற குழந்தைகளும் அதே அளவு தேறினர்! குழந்தை வளர்கிறது, நல்ல வாரமும் கெட்ட வாரமும் மாறி மாறி வருகின்றன, கெட்ட வாரத்தில்தான் நாம் புது மருந்தைத் தேடி ஓடுகிறோம், அதன்பின் நல்ல வாரம் வருவது இயல்பே. அதோடு, எதிர்பார்க்கும் தாயின் கண், முன்பு கவனிக்காததையும் கவனிக்கிறது. பின்னர் 16 சோதனைகளை ஒருங்கே எடுத்துப் பார்த்தபோதும், 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளில் செக்ரெட்டினால் பலன் என்று ஒன்றும் தேறவில்லை.

நம் நெஞ்சைத் தொட்டது அதன்பின் நிகழ்ந்ததுதான். அந்த முதற் சோதனையின் முடிவைப் பெற்றோரிடம் சொன்னார்கள். சொன்ன பிறகும் அவர்களுள் நூற்றுக்கு 69 பேர், தங்கள் பிள்ளைக்கு அம்மருந்தில் இன்னமும் நாட்டமுண்டு என்றார்கள். அவர்களை அறிவிலிகள் என்று ஏளனம் செய்ய நமக்கு நா எழவில்லை. மருந்தைக் கைவிடுவது பிள்ளையைக் கைவிடுவதுபோல் அவர்களுக்குத் தோன்றியிருக்கும். சிவகாசித் திண்ணையில் நாம் கண்டதும் இதுவே. வேலை செய்யவில்லை என்று தெரிந்தும் ஓமியோபதி உருண்டையை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டோம். “நிறுத்துன மறுநாள் அவன் பேச இருந்தான்னா?” என்றார் அத்தாய். இதற்கு எந்தப் பேரறிஞர் விடை சொல்ல முடியும்?

அடுத்தது உலோகம் இறக்கும் சிகிச்சை. இதைப்பற்றிக் கடுமையாகவே எழுத விரும்புகிறோம். பட்டாசுத் தொழில் செய்யும் குடும்பங்களிடம் இப்பேச்சு எளிதில் விலைபோகிறது. ‘நீங்கள் கையாளும் இரசாயனந்தான் பிள்ளையின் மூளையில் ஏறியிருக்கிறது’ என்றால் எந்தத் தாய்தான் நடுங்கமாட்டாள்? பட்டாசில் ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றைச் சேர்க்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் தடைவிதித்தது; பேரியம் உப்புகளுக்கு 2018-இல் தடை வந்தது. தொழிலாளரின் உடல்நலம் பற்றிய கவலை நியாயமானதே. ஈயம் குழந்தையின் மூளைக்குக் கேடு செய்யும் என்பதிலும் ஐயமில்லை. மண்ணையும் சுவர்ச் சுண்ணத்தையும் வாயிலிடும் பிள்ளைக்கு இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்ப்பது முறையே. மிகுதியாக இருந்தால் மருத்துவமனையில் வைத்து, ஈயத்துக்காக வைத்தியம் செய்வர். உலோகத்தை இறக்கினால் ஆட்டிசம் இறங்கும் என்பதற்கு மட்டும் சான்றே கிடையாது.

இதில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. முதலில் உலோகத்தை இழுத்துவரும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு சிறுநீரைச் சோதிப்பார்கள். அப்போது நலமாயுள்ள எவருடைய சிறுநீரிலும் சிறிது கூடுதலாகவே உலோகம் தெரியும். அதை, மருந்து கொடாதவர்க்குரிய அளவோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் கோடிட்டுக் காட்டுவார்கள். பிள்ளைக்குச் சிறுநீர்ச் சோதனை என்று யாரேனும் சொன்னால், சோதனைக்கு முன் ஏதேனும் மருந்து தரப்போகிறீர்களா என்று கேட்டுவிடுங்கள். 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஆட்டிசமுள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இத்தகைய சிகிச்சையின்போதே இறந்துபோனான். செலுத்திய மருந்து இரத்தத்திலிருந்த சுண்ணச் சத்தை இழுத்துக்கொண்டதால் இதயம் நின்றது.

இன்னொரு விந்தையைக் கேளுங்கள். அதே பையில் உலோகம் இறக்கும் சொட்டும் இருந்தது, செந்தூரமும் இருந்தது. செந்தூரம், பற்பம் என்பவை பல வேளைகளில் உலோகங்களைப் புடமிட்டுச் செய்யப்படுபவை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்டபோது, 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. நம் சித்த மருத்துவத்தை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. முறைப்படி பயின்ற சித்த மருத்துவர், உலோகம் சேர்ந்ததைச் சிறு பிள்ளைக்குக் கொடுக்குமுன் நூறு முறை எண்ணுவார். பெயரில்லாத தாளில் மடித்த பொட்டலத்துக்கு யார் பொறுப்பு? ஒரு கையால் இறக்கி மறுகையால் ஏற்றுவதற்கா இக்குடும்பம் கடன்படுவது?

வசம்பை நாக்கில் தேய்த்தால் பேச்சு வருமென்று நம் பாட்டிமார் நம்பினர். அதற்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே பெயர். ஆயினும் அதில் அசரோன் என்றொரு பொருள் உண்டென்றும் அது விலங்குகளுக்குப் புற்று விளைவித்ததென்றும் கண்டு, அமெரிக்க அரசு 1968-இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடைசெய்தது. கையில் காப்பாகக் கட்டட்டும். நாள்தோறும் உள்ளே போகவேண்டாம். மீன் எண்ணெய்க்குப் பலன் மிகச் சொற்பம் அல்லது இல்லை. கேடும் அதிகமில்லை, பணந்தான் கேடு. உறங்காத பிள்ளைக்கு மெலட்டோனின் உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. அதுவும் மருத்துவர் சொன்ன அளவில்.

இலட்சக்கணக்கில் கேட்கும் குருத்தணு சிகிச்சையைப்பற்றி ஒரே வரி போதும்: ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத்தக்கதன்று என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெரிவித்துவிட்டது. வயலை விற்பதற்கு முன் அதைப் படித்துக்கொள்ளுங்கள். ‘முற்றிலும் குணமாக்குவோம்’ என்ற விளம்பரங்களைப்பற்றி இன்னொரு செய்தி. மூளைக் கோளாறுகளைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. விளம்பரம் சுவரில் இருக்கிறது.

அப்படியானால் ஒன்றுமே செய்வதற்கில்லையா? உண்டு. அது குப்பியில் கிடைப்பதில்லை என்பதுதான் தொல்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. பெரிய நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்றனர். தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படமெடுத்து, அதைத் தாய்க்கே போட்டுக் காட்டி, பிள்ளை எங்கே பார்க்கிறானோ அங்கே நீங்களும் பாருங்கள், அவன் செய்வதற்கு மறுமொழி கொடுங்கள், அவசரப்படாமல் காத்திருங்கள் என்று கற்பித்தனர். பன்னிரண்டு அமர்வுகள். தாய்மார்கள் பிள்ளையின் போக்கோடு ஒத்திசையக் கற்றனர். பிள்ளைகளும் தாமே முன்வந்து தொடர்புகொள்வது கூடிற்று. ஆட்டிசம் மறைந்துவிடவில்லை, ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவும் இல்லை. அவர்களை நம்புவதற்கு நமக்கு அதுவே ஒரு காரணம்.

நம் மாவட்டத்துக்கு 2022-இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பிறந்தது முதல் பிள்ளைகளின் குறைகளைக் கண்டறிந்து பயிற்சியளிக்கும் இடையீட்டு மையங்களை மாவட்டந்தோறும் அமைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2013-இல் தொடங்கியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருப்பதால், சான்றிதழும் அடையாள அட்டையும் பெறப் பிள்ளைக்கு உரிமை உண்டு. இவற்றுக்கு அலைவதில் ஒருநாள் கூலி போகும். இரண்டு நாளும் போகலாம். அந்தப் பையிலிருந்த மாவு டப்பாவின் விலை அதைவிட அதிகம்.

அத்தாய்க்கு நாம் சொன்னது இவ்வளவே: பையோடு விருதுநகருக்குப் போங்கள், எல்லாவற்றையும் குழந்தை மருத்துவர் முன் கொட்டுங்கள், எதையும் மறைக்காதீர்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைப் பள்ளி ஆசிரியையிடம் சொல்லாமலே, பிள்ளை எப்படியிருக்கிறான் என்று அவரைக் கேளுங்கள். தெரியாதவர் கண்தான் நடுநிலையான கண். இத்தனை வாரம் பார்ப்போம், பயனில்லையேல் நிறுத்துவோம் என்று தொடங்கும் அன்றே காலண்டரில் குறித்துவையுங்கள். சிவகாசியில் காலண்டருக்கா பஞ்சம்!

சில மாதங்கள் கழித்து மீண்டும் அவ்வழியே சென்றோம். பை சிறுத்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஈயம் அஞ்சும்படி இல்லை, இரத்தசோகை இருந்தது. அதற்காக எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மருந்து ஒன்றுதான் இப்போது தினமும் போகிறது. வசம்பு அப்பத்தாவின் விருப்பப்படி பிள்ளையின் கைக்கு வந்துவிட்டது. ஓமியோபதி உருண்டைக் குப்பி மட்டும் மாடத்தில் இருந்தது. கொடுப்பதில்லையாம், எறியவும் மனமில்லையாம். நாம் வற்புறுத்தவில்லை.

வாரம் ஒருநாள் பயிற்சிக்குப் போய்வருகிறார்கள். சொல் இன்னும் வரவில்லை. ஆனால் நாம் அமர்ந்திருந்தபோது, பையன் தகர மூடியைச் சுழற்றினான். அது உருண்டு நின்றது. அவன் அதை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து, தாயின் கையில் வைத்துவிட்டுக் காத்து நின்றான். தாய் சரவெடிச் சரத்தைக் கீழே வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்தபடியே மூடியைச் சுழற்றினார். அவன் சிரித்தான். மறுபடியும் எடுத்துவந்து கையில் வைத்தான். பதினான்கு முறையாவது இருக்கும். அன்று பின்னிய சரத்தின் கூலி குறைந்துதான் போயிருக்கும்.

விடைபெறும்போது, “தயிர் கொடுக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க ஐயா” என்றார். அடுப்பங்கரையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.